சொட்டாத கசிவு

நுழையும்முன்

பானையில் ஓட்டை விழுந்தால் நீர் ஒழுகும். ஒழுகும் இடத்தைக் கண்டு அடைத்துவிடலாம். வெளியே ஒரு துளியும் ஒழுகாமல், உள்ளே காற்றை மட்டும் இழுத்துக்கொள்ளும் ஓட்டைகளும் உண்டு. கடலில் செல்லும் பாய்மரப் படகின் டீசல் எந்திரத்தை இத்தகைய ஊசிமுனை ஓட்டை ஒன்று முற்றாக நிறுத்திவிடக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அக்குறையைக் காரணகாரிய முறையில் தேடிக் கண்டறியும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

துறைமுக வாயிலில்

மாலை நேரம். பாய்மரப் படகு ஒன்று நெடுந்தொலைவு கடந்து துறைமுகத்தை நெருங்குகிறது எனக் கொள்வோம். அலைதடுப்புச் சுவர்கள் இரண்டுக்கும் இடையிலான வாயில் குறுகலானது. காற்று ஓய்ந்துவிட்டது, பாய்கள் தொய்ந்து தொங்குகின்றன. படகில் இருப்போர் பாய்களைச் சுருட்டிவிட்டு டீசல் எந்திரத்தை இயக்குகின்றனர். பத்து நிமிடம் சீராக ஓடிய எந்திரத்தின் ஒலி திடீரென மாறுகிறது. வேகம் ஏறி ஏறி இறங்குகிறது. இருமுறை திணறிவிட்டு எந்திரம் நின்றுவிடுகிறது. நீரோட்டமோ படகைச் சுவரின் பாறைகளை நோக்கித் தள்ளுகிறது.

உடனே நங்கூரத்தை இறக்கியதால் படகு தப்புகிறது. பிறகு எந்திர அறையைத் திறந்து பார்க்கின்றனர். தொட்டியில் பாதிக்குமேல் டீசல் இருக்கிறது. எந்திரத்தின் அடியில் ஒரு துளி எண்ணெயும் சிந்தவில்லை. புறப்படுவதற்கு முன்னர்த்தான் வடிகட்டியும் புதிதாக மாற்றப்பட்டது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத் தோன்றியும் எந்திரம் ஏன் நின்றது? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் அவ்வெந்திரம் இயங்கும் முறையை அறிதல் வேண்டும்.

பாய்மரப் படகில் எந்திரம்

காற்றின் துணையால் செல்லும் படகுக்கு எந்திரம் எதற்கு என்னும் ஐயம் எழலாம். குறுகலான துறைமுகத்திற்குள் நுழையவும், காற்றற்ற வேளையில் நகரவும், மின்கலங்களுக்கு மின்னேற்றம் செய்யவும் பெரும்பாலான கடற்பாய்ப் படகுகளில் ஒரு சிறிய டீசல் எந்திரம் பொருத்தப்பட்டிருக்கும். நாள் முழுவதும் உறங்கிக் கிடக்கும் அவ்வெந்திரம், சிலபோது உயிர்காக்கும் தேவைக்கும் அழைக்கப்படுகிறது.

இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் பாய்மரக் கலத்தில் பெண் அதிகாரிகள் அறுவர் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகை வலம் வந்து, 2018 மே 21 அன்று திரும்பினர். அதே கலத்தில் 2024 அக்டோபரில் புறப்பட்ட தில்னா, ரூபா என்னும் இரு அதிகாரிகள் 2025 மே மாதம் உலகை வலம் வந்து கரை சேர்ந்தனர். இத்தகைய நெடும்பயணங்களில் நடுக்கடலுக்குப் பழுதுநீக்குநர் எவரும் வருவதற்கில்லை. எனவே, காற்றையும் கடலையும் அறிந்திருப்பதுடன் தம் கலத்திலுள்ள ஒவ்வொரு கருவியின் இயல்பையும் அறிந்திருப்பது கடலோடிகளுக்கு இன்றியமையாததாகிறது.

டீசல் செல்லும் வழி

பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி தேவை. டீசல் எந்திரத்தில் அது தேவையில்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றை உந்துதண்டு தன் கொள்ளளவில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நெருக்குகிறது. அந்நெருக்கத்தால் காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் உயர்கிறது. அந்நேரத்தில் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றி எரிகிறது. ஆக, டீசல் எந்திரம் நன்கு இயங்குவதற்குத் தூய காற்று, போதிய நெருக்கம், உரிய நேரத்தில் உரிய அழுத்தத்தில் டீசல் ஆகிய மூன்றும் போதும்.

டீசல் தொட்டியிலிருந்து உருளைக்குச் செல்லும் வழியை வரிசையாக மனத்தில் கொள்ளுதல் வேண்டும். தொட்டிக்குள் இறங்கியிருக்கும் உறிஞ்சுகுழாய், அடைப்புவால்வு, நீரையும் தூசியையும் பிரிக்கும் முதல் வடிகட்டி, எரிபொருளை இழுத்து அனுப்பும் ஊட்டுப் பம்பு, நுண்துகள்களைத் தடுக்கும் இரண்டாம் வடிகட்டி, உயரழுத்தப் பம்பு, தடித்த சுவருடைய உலோகக் குழாய்கள், இறுதியாக இன்ஜெக்டர் எனப்படும் பீய்ச்சுமுனை ஆகியன அவ்வரிசையில் அமையும். மிகுதியான டீசல் மற்றொரு குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பும். ஊட்டுப் பம்பைப் பட்டறைகளில் ‘ஃபீட் பம்பு’ என்பர்.

தெரிந்து தெளிவோம்

டீசல் எந்திரத்திற்குப் பெயர் தந்தவர் செருமானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் (1858 – 1913). செருமனியின் ஆக்சுபர்க் நகரில் 1897ஆம் ஆண்டு அவருடைய எந்திரம் வெற்றிகரமாக இயங்கிக் காட்டப்பட்டது. 1913 செப்டம்பர் 29 அன்று இரவு, இங்கிலாந்துக்குச் சென்ற நீராவிக் கப்பலில் பயணம் செய்தபோது அவர் காணாமற்போனார். பின்னர் அவருடைய உடல் கடலில் கண்டெடுக்கப்பட்டது.

குமிழி செய்யும் கேடு

பீய்ச்சுமுனையின் உள்ளே வலிய சுருள்வில் ஒன்று ஊசி போன்ற அடைப்பை அழுத்திப் பிடித்திருக்கும். வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 120 முதல் 250 மடங்கு அழுத்தம் எந்திரத்திற்கேற்ப எழுந்தால்தான் அவ்வூசி விலகி வழிவிடும். நீர்மம் எளிதில் நெருங்காத பொருள் ஆதலால், உயரழுத்தப் பம்பு டீசலைத் தள்ளியவுடன் இவ்வழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் உண்டாகிறது.

சிறிய படகு எந்திரம் ஒன்றில் ஒருமுறைக்குப் பீய்ச்சப்படும் டீசல் ஒரு நீர்ச்சொட்டில் பாதியளவுகூட இருப்பது அரிது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு காற்றுக்குமிழி புகுந்துகொண்டால் என்னாகும்? வெப்பநிலை மாறாதபோது வளிமத்தின் மீது அழுத்தம் கூடக்கூட அதன் பருமன் குறையும் என்பது பாயில் விதி. பம்பின் உந்துதல் முழுவதும் அக்குமிழியை நெருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. உந்துதல் ஓய்ந்ததும் குமிழி மீண்டும் விரிந்துகொள்கிறது. ஊசியைத் திறக்கும் அழுத்தம் எழுவதே இல்லை; டீசல் பீய்ச்சப்படுவதும் இல்லை. பஞ்சு மெத்தையைக் குத்துபவன் கையின் வலிமை மெத்தைக்குள்ளேயே அடங்கிப்போவது போன்றது இது. பம்புசெட்டுகளிலும் விசைப்படகுகளிலும் வேலை செய்வோர் இந்நிலையை ‘ஏர் பிடித்துக்கொண்டது’ என்று குறிப்பிடுவர்.

உறிஞ்சும் பக்கமும் அழுத்தும் பக்கமும்

இப்பாடத்தின் மையக்கருத்து இங்குதான் அமைந்துள்ளது. ஊட்டுப் பம்பை நடுவாகக் கொண்டு எரிபொருள் வழியை இரண்டாகப் பிரிக்கலாம். பம்புக்குப் பிந்திய பகுதியில் டீசல் தள்ளப்படுகிறது. அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் கூடுதல். அப்பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும். பம்புக்கு முந்திய பகுதியில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவு. அப்பகுதியில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே தள்ளப்படும். டீசல் வெளியே வராது.

இளநீரைக் குடிக்கும் உறிஞ்சுகுழலில் சிறு கீறல் விழுந்திருப்பதாக எண்ணிப் பார்ப்போம். எவ்வளவு உறிஞ்சினாலும் வாயில் காற்றும் குமிழிகளுமே வந்து சேரும். கீறல் வழியாக ஒரு துளி இளநீரும் வெளியே சிந்தாது. படகின் உறிஞ்சும் பக்கத்தில் நிகழ்வதும் இதுவே. பல படகுகளில் தொட்டி எந்திரத்தைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கும். அந்நிலையில் எந்திரம் நின்றிருக்கும்போதும் அக்குழாயில் டீசல் வெளியே கசிய வழியில்லை. மாறாக, ஓட்டை வழியாகக் காற்று மெல்ல நுழைய, குழாயிலுள்ள டீசல் தொட்டிக்கே இறங்கிவிடும். முதல்நாள் நன்கு ஓடிய எந்திரம் மறுநாட் காலையில் இயங்க மறுப்பதற்கு இது ஒரு காரணம்.

எனவே, ‘எங்கும் சொட்டவில்லை, ஆதலால் கசிவு இல்லை’ என்று முடிவுகட்டுவது பிழையாகும். சொட்டாமையே கசிவு உறிஞ்சும் பக்கத்தில் இருக்கலாம் என்பதற்கு ஒரு குறிப்பாகவும் அமையலாம்.

காற்று நுழையும் வாயில்கள்

எரிபொருள் வழியில் இணைப்புகள் எத்தனை உண்டோ அத்தனையும் காற்று நுழையக்கூடிய வாயில்களே. அவற்றுள் அடிக்கடி குறைபடுவன சில.

வடிகட்டியின் மூடியை இறுக்கும் இரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளலாம். பழைய வளையம் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியது பொருத்தப்பட்டிருக்கலாம். வடிகட்டியின் அடியில் நீரை வடிக்கும் சிறுதிருகு முழுவதும் மூடாமல் இருக்கலாம். இணைப்புகளில் இடப்படும் செப்பு வாஷர்கள் ஒருமுறை நசுங்கியபின் இறுகிவிடும். மீண்டும் அவற்றையே இட்டால் சரிவரப் பொருந்தா. இரப்பர்க் குழாய்கள் வெப்பத்தாலும் எந்திர அதிர்வாலும் நுண்ணிய வெடிப்புகள் கொள்ளும். குழாயை இறுக்கும் கிளிப் தளர்ந்தாலும் குற்றம். அளவுக்குமேல் இறுகிக் குழாயை அறுத்தாலும் குற்றம்.

தொட்டிக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாய் எவர் கண்ணிலும் படாத இடம். அதன் மேற்பகுதியில் துருவோ வெடிப்போ ஏற்பட்டால், தொட்டி நிறைந்திருக்கும்வரை குறை தெரியாது. டீசல் மட்டம் வெடிப்புக்குக் கீழே இறங்கியதும் காற்று நுழையத் தொடங்கும். ஓட்டையே இல்லாதபோதும், டீசல் குறைந்த நிலையில் படகு ஒருபக்கம் சாய்ந்து செல்கையில் குழாயின் வாய் டீசலுக்கு மேலே வந்து காற்றை உறிஞ்சிவிடுவதும் உண்டு.

ஒத்த அறிகுறி, வேறு காரணம்

எந்திரம் திணறி நிற்பதெல்லாம் காற்றுக்கசிவால் என்று கொள்ளவும் கூடாது. கடல் கொந்தளிக்கும்போது தொட்டியின் அடியிலுள்ள கசடு கலங்கி, வடிகட்டியை அடைத்துவிடலாம். தொட்டிக்குள் காற்று செல்லும் மூச்சுக்குழாய் அடைபட்டாலும் டீசல் வருவது நின்றுபோகும். இவ்விரண்டிலும் எந்திரம் ஏறத்தாழ அதேபோலத்தான் திணறும்.

வேறுபாட்டை அறியச் சில வழிகள் உள்ளன. தொட்டியின் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்னும் ஒலியுடன் காற்று உள்ளே பாய்ந்தால் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறது எனலாம். வடிகட்டிக்கும் ஊட்டுப் பம்புக்கும் இடையே வெற்றிட அளவி பொருத்தப்பட்டிருந்தால், அதன் முள் வழக்கத்தைவிட மிகுந்த வெற்றிடத்தைக் காட்டுவது அடைப்பைக் குறிக்கும். வெற்றிடம் குறைந்து, குழாயில் குமிழிகளும் காணப்பட்டால் அது காற்றுக்கசிவைக் குறிக்கும். சிலபோது இரண்டும் சேர்ந்தே வரும். வடிகட்டி அடைபட அடைபட உறிஞ்சும் விசை கூடுகிறது. அதுவரை தாங்கிநின்ற நலிந்த இணைப்பு அக்கூடுதல் விசையால் காற்றுக்கு இடங்கொடுத்துவிடுகிறது.

தேடும் நெறி

பழுதுபார்ப்பில் பலர் செய்யும் பிழை, எல்லா இணைப்புகளையும் ஒரே மூச்சில் கழற்றி மாட்டுவதாகும். அவ்வாறு செய்தால் குறை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்று தெரியாது. புதிய குறைகள் தோன்றவும் இடமுண்டு. ஒருமுறைக்கு ஒரு மாற்றம், ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு சோதனை என்பதே நெறியாகும்.

முதற்படி, பார்த்தல். இணைப்புகள் அனைத்தையும் துணியால் உலரத் துடைத்து, அழுத்தும் பக்க இணைப்புகளில் மெல்லிய தாளைச் சுற்றி எந்திரத்தை இயக்க வேண்டும். தாளில் ஈரக்கறை படிந்தால் அவ்விடத்தில் கசிவு உண்டு. எங்கும் கறை இல்லையெனில் ஐயம் உறிஞ்சும் பக்கத்திற்கு நகர்கிறது.

இரண்டாம் படி, பிரித்தல். தூய டீசல் நிறைந்த சிறு கேன் ஒன்றைப் புதிய குழாயால் ஊட்டுப் பம்புடன் நேரடியாக இணைத்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியபின் எந்திரத்தை ஓட்ட வேண்டும். எந்திரம் நீண்டநேரம் சீராக ஓடினால், பம்பும் அதற்கு அப்பாலுள்ள பகுதிகளும் குற்றமற்றவை. குறை தொட்டிக்கும் பம்புக்கும் இடையில்தான் இருக்கிறது. அப்போதும் எந்திரம் நின்றுவிட்டால் குறை பம்பிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. ஒரே சோதனையில் தேடும் பரப்பில் பாதி விலகிவிடுவது இம்முறையின் சிறப்பு.

மூன்றாம் படி, குமிழியைக் காணல். டீசலைத் தாங்கும் தெளிவான குழாய்த்துண்டு ஒன்றை ஊட்டுப் பம்புக்குச் சற்று முன்னே தற்காலிகமாகப் பொருத்த வேண்டும். எந்திரம் ஓடும்போது அதில் குமிழிகள் ஓடுவது தெரிந்தால், அத்துண்டை முதல் வடிகட்டிக்கு முன்னே மாற்றிப் பார்க்க வேண்டும். வடிகட்டிக்குப் பின் குமிழி உண்டு, முன் இல்லை என்றால் குறை வடிகட்டியிலோ அதனைச் சார்ந்த இணைப்புகளிலோ இருக்கிறது. முன்னும் குமிழி இருந்தால் தொட்டியை நோக்கி மேலும் நகர வேண்டும்.

நான்காம் படி, திசையை மாற்றல். உள்ளே இழுக்கும் ஓட்டையை வெளியே கசியச் செய்தால் அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ஐயத்திற்குரிய குழாய்ப்பகுதியைத் தொட்டியிலிருந்து பிரித்து, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கைப்பம்பால் மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகளின்மேல் சோப்புநீரைத் தடவ வேண்டும். நுரை எழும்பும் இடமே ஓட்டை உள்ள இடம். மிதிவண்டிச் சக்கரத்தின் டியூபை நீரில் அமிழ்த்திப் பஞ்சரைக் கண்டறிவதும் இக்கருத்தின் அடிப்படையில்தான். தொட்டிக்குள் மட்டும் ஒருபோதும் காற்றழுத்தம் செலுத்தக்கூடாது. சிறிதளவு அழுத்தமும் பரந்த தொட்டிச்சுவரைப் பிளந்துவிடக்கூடும்.

காற்றை வெளியேற்றல்

ஓட்டையை அடைத்தபின், உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். தொட்டிக்கு அருகிலிருந்து எந்திரத்தை நோக்கி வரிசையாகச் செல்வது முறை. இரண்டாம் வடிகட்டியின் மேலுள்ள காற்றுத்திருகைச் சற்றே தளர்த்தி, ஊட்டுப் பம்பின் கைநெம்பை இயக்கினால் முதலில் நுரையும் பின்னர்க் குமிழியற்ற டீசலும் வரும். டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். அடுத்து உயரழுத்தப் பம்பின் திருகிலும் இவ்வாறே செய்ய வேண்டும். அதன்பின்னும் எந்திரம் இயங்கவில்லையெனில், பீய்ச்சுமுனைகளின் குழாய் நட்டுகளைச் சிறிது தளர்த்தி, எந்திரத்தைச் சுழற்றி, டீசல் கசிந்ததும் இறுக்க வேண்டும். சில எந்திரங்கள் காற்றைத் தாமே வெளியேற்றும் அமைப்புடையவை.

இப்பணியில் இரு எச்சரிக்கைகள் உயிர்நாடியானவை. பீய்ச்சுமுனையிலிருந்து சீறும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகக்கூடியது. அதன் எதிரே கையை நீட்டலாகாது. புகுந்துவிட்டால், காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவரை அணுக வேண்டும். மற்றொன்று, கடல்நீரால் குளிர்விக்கப்படும் எந்திரத்தை இயங்காத நிலையில் நெடுநேரம் சுழற்றினால், புகைபோக்கி வழியில் நீர் நிறைந்து உருளைக்குள் ஏறிவிடக்கூடும். ஆதலால், சுழற்றும்போது கடல்நீர் வால்வை மூடிவைத்து, எந்திரம் இயங்கியவுடன் மறவாமல் திறந்துவிட வேண்டும்.

விடை கிடைத்தது

நங்கூரமிட்ட படகுக்கு மீண்டும் வருவோம். அதிலிருந்தோர் முதலில் காற்றை மட்டும் வெளியேற்றி எந்திரத்தை இயக்கினர். பத்து நிமிடத்தில் அது மறுபடியும் நின்றது. மீண்டும் வெளியேற்றினர், மீண்டும் நின்றது. நுழையும் வழி திறந்திருக்க, நுழைந்த காற்றை மட்டும் விரட்டிப் பயனில்லை என்று அப்போது உணர்ந்தனர். பின்னர்க் கேனிலிருந்து டீசல் ஊட்டினர். எந்திரம் அரைமணி நேரம் நிற்காமல் ஓடியது. தெளிவான குழாய் வடிகட்டிக்குப் பின்னே குமிழிகளைக் காட்டியது, முன்னே காட்டவில்லை. வடிகட்டியைக் கழற்றியபோது, பழைய இரப்பர் வளையம் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, புதிய வளையம் அதன்மேல் கோணலாக அமர்ந்திருந்தது. புறப்படுவதற்கு முன் நலம் கருதிச் செய்த வேலையே குறைக்குக் காரணமாயிற்று. பழைய வளையம் நீக்கப்பட்டது; எந்திரம் சீராக ஓடியது; இருள் சூழுமுன் படகு துறைமுகத்துள் நுழைந்தது.

மரக்கலம் கட்டுவோர் பலகைகளின் இடுக்குகளில் நாரும் பிசினும் திணித்து நீர் புகாமல் அடைக்கும் கலப்பத்து வேலையைப் பொறுமையுடன் செய்வர். ஓர் இடுக்கு விடுபட்டாலும் கலத்திற்குக் கேடு என்பதை அவர்கள் அறிவர். அன்று நீர் புகாமல் இணைப்பை அடைத்த அதே கவனம், இன்று காற்றுப் புகாமல் இணைப்பை அடைக்கவும் வேண்டியிருக்கிறது. கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் ஐயுறுவதும், ஊகத்தை நம்பாமல் சோதனையை நம்புவதும், அறிகுறியை அடக்குவதோடு நில்லாமல் காரணத்தைக் களைவதும் படகு எந்திரத்திற்கு மட்டும் உரிய நெறிகள் அல்ல. பழுதுபட்ட எதனையும் சீர்செய்ய முனைவோர்க்கெல்லாம் உரியவை.

கற்பவை கற்றபின்

1. உறிஞ்சுகுழலில் குண்டூசியால் துளையிட்டு நீரை உறிஞ்சிப் பார்க்க. பின்னர் அதே குழலின் வழியே நீரை ஊதித் தள்ளுக. இருமுறையும் துளையில் நிகழ்வதை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

2. உங்கள் ஊரில் டீசல் எந்திரம் பழுதுபார்ப்பவர் ஒருவரைக் கண்டு, எந்திரத்தில் காற்றுப் புகுந்ததை அவர் எவ்வாறு அறிகிறார் என்பதைக் கேட்டு, அவர் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்க.

3. வீட்டில் பழுதான பொருள் ஒன்றின் குறையைப் ‘பாதி பாதியாகப் பிரித்தல்’ முறையில் கண்டறியும் படிகளை வரிசைப்படுத்தி வகுப்பில் பேசுக.